பழைய காரைத் திருத்துவதா, விற்பதா? அவுஸ்திரேலிய மசில் கார்களின் கதை



வருமான வரி, ஓய்வூதிய நிதி என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் இம்மாதம் காரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த விடயம் என்னுடைய கணக்கு மேசைக்குத்தான் முதலில் வந்தது. தகப்பன் விட்டுப்போன பழைய வி8 கார் ஒன்றை வைத்திருப்பதா, பணம் போட்டுப் புதிதுபோல ஆக்குவதா, விற்பதா என்று மெல்பேர்ணில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கேட்டது. இதற்குக் கணக்கில் மட்டும் பதில் தேட முடியாது. அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மசில் கார் என்ற சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாதாரணக் குடும்பக் காரின் உடம்புக்குள் மிகப் பெரிய என்ஜினைப் பூட்டி, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலைக்கு விற்பதுதான் அதன் சூத்திரம். எங்கள் ஊர்ப் பாசையில் சண்டியன் கார் என்றால் சரியாக இருக்கும். 1964இல் பொன்ரியக் நிறுவனம் ஜீ.ரீ.ஓ. காரை வெளியிட்டபோது இந்த மோகம் அங்கே பற்றிக்கொண்டது. அவுஸ்திரேலியாவில் 1967இல் ஃபோர்ட் நிறுவனம் ஃபல்கன் எக்ஸ்.ஆர். ஜீ.ரீ. என்ற நான்கு கதவுக் காரைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே நியூ சவுத் வேல்ஸின் பாத்தர்ஸ்ட் மலைப் பந்தயத்தில் அது வென்றது. மறு ஆண்டு ஹோல்டன் நிறுவனத்தின் மொனாரோ வென்றது. இதற்குப் பிறகு இந்த நாட்டு ஆண்களில் பாதிப்பேர் ஃபோர்ட் கட்சி, மீதிப்பேர் ஹோல்டன் கட்சி. நாங்கள் வந்து இறங்கியபோது வேலைத்தளத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட முதற் கேள்விகளில் ஒன்று, நீ எந்தக் கட்சி என்பதுதான். கட்சி அரசியலுக்கு அஞ்சி நாடு விட்டு வந்தவர்களிடம் இப்படியும் ஒரு கேள்வி!

பாத்தர்ஸ்ட் பந்தயத்துக்கு ஒரு விதி இருந்தது. கடையில் பொதுமக்கள் வாங்கக்கூடிய காரைத்தான் ஓட்டலாம். ஆகவே பந்தயத்தில் வெல்ல வேண்டுமென்றால், பந்தயக் காரையே கடையில் வைத்து விற்க வேண்டும். இதன் உச்சம் 1971இல் வந்த ஃபல்கன் ஜீ.ரீ.எச்.ஓ. ஃபேஸ் திரீ. 351 கன அங்குல என்ஜின், அதாவது 5.8 லீற்றர். மணிக்கு 220 கிலோமீற்றருக்கும் மேல் ஓடும். அக்காலத்தில் உலகின் மிக வேகமான நான்கு கதவுக் கார்களில் அதுவும் ஒன்று. சுமார் 300 கார்கள் மட்டுமே செய்தார்கள். அந்த ஆண்டு அலன் மொஃபற் தனியொருவராக அதை ஓட்டி பாத்தர்ஸ்டில் வென்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் காரில் இவ்வளவு வேகம் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேள்வி 1972 ஜூன் 25 அன்று வந்தது. சிட்னியின் சண் ஹெரால்ட் பத்திரிகையில் இவான் கிறீன் எழுதிய செய்தி, மணிக்கு 160 மைல் ஓடும் கார்கள் விரைவில் வீதிக்கு வரப்போகின்றன என்று எச்சரித்தது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்ரன் மொறிஸ் கடுமையாகக் கண்டித்தார். சில நாட்களுக்குள் ஃபோர்ட், ஹோல்டன், கிறைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் அடுத்த அதிவேகக் கார்த் திட்டங்களைக் கைவிட்டன. ஃபேஸ் ஃபோர் நான்கு கார்களோடு நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒரு தொழிலின் போக்கையே திருப்பிவிட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது என்பதுதான் என் அபிப்பிராயம். அக்கால ரயர்களும் பிறேக்குகளும் அந்த வேகத்துக்கு ஏற்றவையல்ல. ஆனால் அந்தத் தடைதான் ஏற்கெனவே வெளிவந்த கார்களை அபூர்வப் பொருளாக்கியது. அடுத்த ஆண்டு பெற்றோல் நெருக்கடியும் வந்தது. ஜீ.ரீ. கார்கள் 1976 வரை தொடர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்ட் இங்கே வி8 என்ஜின் செய்வதையே நிறுத்தியது. பெற்றோல் குடிக்கும் இந்தக் கார்களை அதன்பின் யாரும் மதிக்கவில்லை.

இவற்றைச் செய்த கைகளையும் சொல்ல வேண்டும். மெல்பேர்ணின் வடக்கே புறோட்மெடோஸ் தொழிற்சாலையில் இந்த ஃபல்கன்களைப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தவர்கள். இத்தாலியர், கிரேக்கர், துருக்கியர், யூகோஸ்லாவியர். தொடர் பட்டியின் வேகம் தாங்காமல் 1973இல் அவர்கள் செய்த வேலைநிறுத்தம் பல வாரங்கள் நீண்டது. கோபம் கொண்ட தொழிலாளர் கண்ணாடிகளை உடைத்து உள்ளே புகுந்த சம்பவம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அவுஸ்திரேலிய வீரத்தின் சின்னம் என்று கொண்டாடப்படும் காரை, ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத மனிதர்கள்தான் பூட்டினார்கள்.

நான் சொன்ன குடும்பத்தின் தகப்பனும் 1980களின் இறுதியில் அகதியாக வந்து ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சேர்ந்தவர்தான். கூட வேலைசெய்த ஒரு கிரேக்கர் தன் 1974ஆம் ஆண்டு எக்ஸ்.பி. ஜீ.ரீ. ஃபல்கனை 1,800 டொலருக்குக் கொடுத்தார். அப்போது அது பழைய கார், அவ்வளவுதான். அதிலேதான் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார்கள். பின்னர் ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்ததும் அந்தக் கார்தான். “அதுக்கு ஊத்தின பெற்றோல் காசுக்கு ஒரு வளவு வாங்கியிருக்கலாம், தம்பி” என்று அந்த அக்கா இன்றும் சொல்வார். கணக்காளனாக என்னால் மறுக்க முடியவில்லை.

பழைய காரை ஓட வைப்பது எங்கள் மனிதர்களுக்குப் புதிய கலையல்ல. 1970களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சாகாமல் காக்கப்பட்டன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் புகையின் மணம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அந்த மனிதரும் தன் ஃபல்கனை இப்படியே பார்த்தார். கிழிந்த இருக்கையைத் தானே தைத்தார். கறள் தின்ற அடித்தட்டில் பிஸ்கற் தகரத்தை வெட்டி அறைந்தார். 2002 ஜனவரி முதல் ஈயம் கலந்த பெற்றோல் விற்பது நிறுத்தப்பட்டபோது, பழைய என்ஜினின் வால்வு இருக்கைகள் தேயாமலிருக்க ஒவ்வொரு முறையும் மாற்றுத் திரவம் அளந்து ஊற்றினார்.

அவர் இப்போது இல்லை. மகன் காரைக் கழற்றி, டிங்கரிங் செய்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் போல ஆக்க விரும்புகிறான். மகள் விற்கச் சொல்கிறாள். மகளைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கடன் கட்டுபவள் அவள்.

இனிக் கணக்கு. ஃபேஸ் திரீ புதிதாக விற்றபோது விலை 5,000 டொலருக்குச் சற்று மேல். 2007இல் ஒன்று 6 லட்சத்தைத் தாண்டியது. மறு ஆண்டின் நிதி நெருக்கடியோடு விலைகள் பெருமளவு விழுந்தன. 2018இல், வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தொம்சன் முன்பு வைத்திருந்த ஃபேஸ் திரீ ஏலத்தில் 10 லட்சத்தையும் கடந்தது. (1975 உலகக் கிண்ணத்தில் இலங்கைத் துடுப்பாட்டக்காரர் இருவரை மருத்துவமனைக்கு அனுப்பிய அதே தொம்சன்தான்.) இந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் பலர் தங்கள் கராஜில் தங்கம் இருப்பதாக நினைக்கிறார்கள். அபூர்வக் காரின் விலை வேறு, சாதாரண ஜீ.ரீ.யின் விலை வேறு. ஏறியது இறங்கும் என்பதற்கும் 2008 சாட்சி.

முதலில் பார்க்க வேண்டியது சசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பது. ஒத்திருந்தால் பெறுமதி பல மடங்கு. நல்லவேளையாக இந்தக் காரில் ஒத்திருக்கிறது. ஆனால் முழுத் திருத்தத்துக்கு ஒரு கராஜ்காரர் சொன்ன தொகையில் இரண்டு புதிய குடும்பக் கார் வாங்கலாம். பெயின்றைச் சுரண்டினால்தான் கறளின் முழு அளவு தெரியும் என்பதால், அந்தத் தொகை இறங்கப்போவதில்லை. வரி விடயத்தில் ஒரு நன்மை உண்டு: சொந்தப் பாவனைக் காரை விற்று வரும் இலாபத்துக்கு இந்நாட்டில் மூலதன இலாப வரி கிடையாது. நட்டம் வந்தால் அதையும் கழிக்க முடியாது. திருத்தி விற்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது பொருந்தாது.

மகனுக்கு நான் அமெரிக்கக் கார் ஒன்றின் கதையைச் சொன்னேன். 1968இல் வெளிவந்த ‘புல்லிற்’ படத்தில் ஸ்ரீவ் மக்குயீன் ஓட்டிய முஸ்ராங் காரை, 1974இல் றொபேட் கியர்னன் என்பவர் விளம்பரம் பார்த்து வாங்கினார். அவருடைய மனைவி அதில்தான் படிப்பிக்கப் போய்வந்தார். 1977இல் மக்குயீனே திருப்பித் தரும்படி கடிதம் எழுதியும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980இல் கிளச் பழுதாகிக் கார் ஒதுங்கியது. தகப்பன் 2014இல் இறந்தார். மகன் ஷோன் ஓடக்கூடிய அளவுக்கு மட்டும் திருத்தி, மங்கிய பெயின்றையும் கறளையும் படப்பிடிப்புக்காகத் துளைத்த துவாரங்களையும் அப்படியே விட்டு, 2018 ஜனவரியில் டெற்றொயிற் கண்காட்சியில் காட்டினார். 2020 ஜனவரியில் அது கட்டணங்களோடு 37 லட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அந்தத் துவாரங்களும் மூடப்பட்டிருக்கும்.

எங்கள் நண்பரின் கார் படத்தில் நடித்ததல்ல. இருந்தாலும் அதில் அவருடைய கை இருக்கிறது. முழுத் திருத்தம் என்றால் முதலில் அகற்றப்படுவது அவர் தைத்த இருக்கையும் அவர் தொட்டுப் பூசிய பெயின்றும்தான். மிஞ்சுவது 1974ஆம் ஆண்டின் ஒரு புத்தம்புதிய கார். அப்படியொரு காரை அந்தக் குடும்பம் ஒருநாளும் கண்டதில்லை. ஆகவே வைத்திருப்பதானால் ஓடவும் நிற்கவும் தேவையானதை மட்டும் செய்யுங்கள் என்றேன். பிறேக், ஸ்ரியரிங், ரயர், பெற்றோல் குழாய்கள், அடித்தட்டு. பிஸ்கற் தகரம் போகத்தான் வேண்டும், அதில் மனிதர் உட்கார வேண்டுமே. பழைய பிறேக் பகுதிகளிலும் கஸ்கற்றுகளிலும் கல்நார் இருக்கலாம். 2003 இறுதியிலிருந்து இங்கே முற்றாகத் தடைசெய்யப்பட்ட பொருள் அது. வீட்டுக் கராஜில் சுரண்டி ஊதிவிடக் கூடாது.

விற்பதானால் இன்னும் எதையும் தொடாமல், பழைய பற்றுச்சீட்டுகளோடு விற்பது நல்லது. வாங்குபவர் தன் விருப்பப்படி செய்துகொள்வார். விற்பவர் போட்ட திருத்தச் செலவு முழுவதும் விலையில் திரும்பி வந்ததை என் அனுபவத்தில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

விக்ரோறியாவில் 25 வயது தாண்டிய காரை, அங்கீகரிக்கப்பட்ட கழகமொன்றில் சேர்ந்து, கழக அனுமதித் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 45 அல்லது 90 நாட்கள் ஓட்டலாம். முழுப் பதிவுக் கட்டணத்தைவிடச் செலவு குறைவு. காப்புறுதியை ஒப்புக்கொண்ட பெறுமதிக்கு எடுக்க வேண்டும். அதற்குப் புகைப்படங்களும் மதிப்பீட்டறிக்கையும் தேவைப்படும். ஓட்டும் ஒவ்வொரு நாளையும் புறப்படுமுன் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

அண்ணனும் தங்கையும் ஓராண்டு தவணை வைத்திருக்கிறார்கள். செலவுக்கு ஓர் உச்சவரம்பைத் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தந்திருக்கிறார்கள். 45 நாள் அனுமதிதான் எடுத்தார்கள். சென்ற வாரம் வரை பதிவுப் புத்தகத்தில் ஆறு நாட்கள் நிரம்பியிருந்தன. அதில் நான்கு, அக்கா கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமைகள்.