ஏவிசிஎச்டி

ஏவிசிஎச்டி என்பது வீட்டு கேம்கார்டர்களில் உயர் வரையறை நிகழ்படத்தைக் கோப்புகளாகப் பதியவும் இயக்கவும் வகுக்கப்பட்ட எண்முறைப் பதிவு வடிவம். சோனி, பானசோனிக் நிறுவனங்கள் 2006இல் இதனைக் கூட்டாக அறிவித்தன. படம் எச்.264 முறையில் சுருக்கப்படுகிறது. ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல்.

இதற்கு முந்தைய எச்டிவி வடிவம் (2003) மினி டிவி நாடாவில், எம்பெக்-2 முறையில் பதிந்தது. நாடாப் பதிவைக் கணினிக்கு மாற்ற, படம் ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஏவிசிஎச்டியில் மெமரி கார்டு, வன்தட்டு, 8 செ.மீ. டிவிடி ஆகியவை பதிவூடகங்கள். நொடிக்கு 24 மெகாபிட் வீதத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 11 ஜிபி தேவை. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பு இவ்வீதத்தை 28 மெகாபிட்டாக உயர்த்தி, 1080 வரிகளில் நொடிக்கு 50 அல்லது 60 முழுச் சட்டங்களை அனுமதித்தது.

சேமிப்பில் சிக்கலானது கோப்புறை அமைப்பே. படமும் ஒலியும் அடங்கிய எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால், காட்சிகளின் வரிசையைக் குறிக்கும் துணைக் கோப்புகள் விடுபடும். ஃபேட்32 கோப்பு முறைமை கொண்ட கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாததால், நீண்ட பதிவைக் கருவி துண்டுகளாக எழுதுகிறது. அவற்றைத் தனித்தனியே இயக்கினால் இணைப்பிடத்தில் படமும் ஒலியும் நொடிப்பொழுது தடைபடலாம். ஆகவே கார்டு முழுவதையும் அப்படியே நகலெடுப்பதே பாதுகாப்பானது.

சாதாரண டிவிடி வட்டில் எழுதிய ஏவிசிஎச்டி பதிவைப் பல ப்ளூ-ரே இயக்கிகள் ஏற்கும். வழக்கமான டிவிடி இயக்கிகள் ஏற்பதில்லை. திறன்பேசிகள் எம்பி4 கோப்புகளைப் பரவலாக்கியபின் இவ்வடிவத்தின் பயன்பாடு குறைந்தது.