ஆறு மாதத்துக்கு ஒரு கையெழுத்து

இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை டெல் அவீவிலிருந்து ஜெருசலேமுக்கு மாற்ற வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1995 அக்டோபரில் சட்டம் இயற்றியது. செனட்டில் ஆதரவு 93, எதிர்ப்பு 5. பிரதிநிதிகள் சபையில் 374க்கு 37. கெடு 1999 மே 31. தவறினால், வெளிநாட்டுக் கட்டடங்களுக்காக வெளியுறவுத் துறைக்கு அந்த நிதியாண்டில் ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் செலவிட முடியாது. ஆனாலும் தூதரகம் இடம் மாறியது 2018 மே 14 அன்றுதான். அதுவரை கிளின்டன், புஷ், ஒபாமா, டிரம்ப் என நான்கு அதிபர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலக்கு ஆணையில் கையெழுத்திட்டு வந்தார்கள். இதை அதிபர்கள் சட்டத்தை ஏய்த்த கதையாகச் சொல்வது வழக்கம். பொறுப்பைத் தட்டிக்கழித்தது உண்மையில் நாடாளுமன்றம்தான்.

விலக்கு அந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஜெருசலேமின் நிலையை இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் இறுதிக்கட்டப் பேச்சில் முடிவு செய்யட்டும் என்று 1993ஆம் ஆண்டின் ஆஸ்லோ உடன்பாடு விட்டுவைத்திருந்தது. அயலுறவு அதிபரின் அதிகாரம் என்றும் கிளின்டன் அரசு மசோதாவை எதிர்த்தது. எனவே, தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்று அதிபர் கருதினால் ஆறு மாதம் தள்ளிப்போடலாம் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கிளின்டன் கையெழுத்திடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நவம்பர் 8 அன்று அது தானாகவே சட்டமானது.

அவசரத்துக்கு வைத்த வழியை வாடிக்கையாக்கியது சட்டத்தின் நோக்கத்தைக் கொல்வதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை முறை தள்ளிப்போடலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு வைக்கவில்லை. ஒவ்வொரு விலக்கும் நாடாளுமன்றத்துக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டது. அத்தனை பெரும்பான்மை கொண்டிருந்த அவை, 18 ஆண்டுகளில் 7ஆவது பிரிவை நீக்கவில்லை. 2017 ஜூன் 1 அன்று டிரம்ப் விலக்கில் கையெழுத்திட்டார். சில நாள்களில் செனட் 90க்கு 0 என்ற கணக்கில் பழைய சட்டத்தை மறுபடி ஆதரித்துத் தீர்மானம் போட்டதோடு நின்றுகொண்டது.

தாமதம் அமைதிப் பேச்சுக்கு உதவியதே, அதில் என்ன தீங்கு என்று சிலர் கேட்பார்கள். பேச்சுக்கு இடம் விட்டது சரிதான். ஆனால் முடிவு முழுவதும் ஒரே மனிதரின் பேனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2017 டிசம்பர் 6 அன்று ஜெருசலேமைத் தலைநகராக டிரம்ப் அங்கீகரித்தபோது அவையில் புதிய விவாதமோ வாக்கெடுப்போ தேவைப்படவில்லை. தூதரகம் திறந்த நாளில் காசா எல்லையில் இஸ்ரேல் ராணுவம் சுட்டதில் ஏறத்தாழ 60 பாலஸ்தீனர்கள் உயிரிழந்தார்கள். இத்தனை கனமான முடிவைக் கைதட்டலுக்காக ஒரு சட்டமாகவும், பாதுகாப்புக்காக ஒரு விலக்காகவும் பிரித்து வைத்த அவை, விளைவுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்ப முடியாது.