சூதுபவள மணியும் துளையிட்ட கைகளும்

ஈராக்கின் தென்பகுதியில், யூப்பிரத்தீஸ் நதியின் பழைய கரையில், 'ஊர்' என்றொரு நகரம் இருந்தது. (நமது மொழிச் சொல்லோடு பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு சிலர் கட்டியெழுப்பும் கோபுரங்களுக்கு நாம் இங்கே ஒரு கல்லும் சுமக்கப் போவதில்லை.) அந்நகரின் அரச மயானத்தை லெனாட் வூலி என்ற ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1927-28ஆம் ஆண்டுப் பருவத்தில், ஓர் அரசியின் கல்லறை வெளிப்பட்டது. அவளது தலையிற் பொன்னிலைகள். தோள் முதல் இடைவரை பொன், வெள்ளி, நீலக்கல், சிவந்த கல் ஆகியவற்றாலான மணிச்சரங்கள். அக்கல்லறையைச் சார்ந்த குழியில், அவளுக்குத் துணையாக மாண்டோர் என்று கருதப்படும் ஏவலரின் எலும்புகள். அடுத்து வெளிப்பட்ட இன்னொரு பெருங்குழியில் 74 பேர் வரிசையாகக் கிடந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் பெண்கள்.

அரசியின் பெயரை வூலி 'ஷுப்-அத்' என்று வாசித்தார். அது பிழையென்று பின்னர் அறிஞர் கண்டு, 'புஆபி' என்று திருத்தினர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓர் அரசியின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் புலமையுலகம் இத்துணை பாடுபடுகின்றது. அவள் காலத்து மணிகளைத் துளைத்தவர்களின் பெயரைப் பிழையாக வாசிப்பதற்குக்கூட ஓர் எழுத்தும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது மணி ஒன்றுதான். ஆகவே மணியையே விசாரிப்போம்.

சுமேரிய நாடு வண்டல் நாடு. அங்கே களிமண் உண்டு, நாணல் உண்டு, பேரீச்சை உண்டு, கல் இல்லை. அரசியின் மார்பிற் கிடந்த நீலக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் படக்ஷான் மலைகளிலிருந்து வந்தது. சூதுபவளம் எனப்படும் செந்நிறக் கல்லும் அந்நாட்டுக்கு அந்நியமே. ஊர் மயானத்திற் கிடைத்த சிவந்த மணிகளுள் நீண்டு மெலிந்தவையும், வெண்கோலம் இடப்பட்டவையும் சிந்துவெளிப் பட்டறைகளின் மரபைச் சேர்ந்தவை என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. மெலுகா நாட்டு மரக்கலங்கள் தன் துறையில் நின்றன என்று அக்காத் நாட்டுச் சர்கோன் மன்னன் பெருமை பேசினான். லகாஷ் நகரின் குதேயா, மெலுகாவின் சூதுபவளத்தைத் தன் கோயிற் பணிக்குப் பெற்றதாக எழுதிவைத்தான். மெலுகா என்பது சிந்துவெளி நாடே என்பது பெரும்பாலான அறிஞரின் முடிபு.

இவ்வளவும் வர்த்தகத்தின் சரித்திரம். பாடநூல்கள் வழக்கமாக இங்கே நின்றுவிடுகின்றன: கப்பல் புறப்பட்டது, பொருள் சென்றது, நாகரிகம் வளர்ந்தது! ஆயின் கப்பலில் ஏறுமுன் அந்தக் கல் எவ்வாறு மணியாயிற்று?

சிப்பியையும் மாக்கல்லையும் மணியாக்கிப் பழகிய கைகளுக்குச் சூதுபவளம் முற்றிலும் புதிய கல். மாக்கல்லை நகத்தாற் கீறலாம். சூதுபவளமோ படிகக்கல்லின் இனம், இரும்பைக்கூட மதியாதது. அக்காலத்தில் இரும்பும் இல்லை; செம்பும் வெண்கலமுமே இருந்தன. பழகிய கருவிகள் அனைத்தையும் மழுங்கடித்த இக்கல்லை மனிதன் வென்றது ஒரு நாளில் அன்று, பலத்தினாலும் அன்று. தலைமுறை தலைமுறையாகக் கல்லின் குணத்தை அவன் கற்றான்.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் இரத்தினபூர்ப் பகுதியிற் குழிகளிலிருந்து எடுக்கப்படும் கூழாங்கல் பெரும்பாலும் சிவப்பாக இருப்பதில்லை. மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதை வெயிலில் உலர்த்தி, மட்பானையில் இட்டு, சாம்பலும் வரட்டியும் கொண்டு மெல்லச் சூடேற்றுகின்றனர். கல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்து நீரை இழந்து சிவக்கின்றது. சூடு மிஞ்சினாற் கல் வெடித்துவிடும். குறைந்தால் நிறம் ஏறாது. விரும்பிய சிவப்பு வரும்வரை மீண்டும் மீண்டும் சூடேற்றுவதும் உண்டு. அரசர் மயங்கிய அந்தச் செந்நிறம் இயற்கை கொடுத்தது பாதி, அடுப்பு கொடுத்தது பாதி. அதன் இரகசியம் வாங்கியவனுக்குத் தெரியாது. அடுப்பருகே இருந்தவனுக்குத் தெரியும்.

வெண்கோலம் இடுவதும் இத்தகைய வித்தையே. 1930களில் எர்னஸ்ட் மக்கே என்ற ஆராய்ச்சியாளர் சிந்து மாகாணத்தின் சேவான் என்னும் ஊரில் ஒரு முதியவரிடம் இம்முறையைக் கண்டறிந்து எழுதினார். ஒரு செடியின் தளிர்ச்சாற்றிற் சலவைச் சோடாவைக் குழைத்து, மணியின்மேற் கோலமிட்டுச் சுடுகின்றனர். கோடு வெண்மையாகக் கல்லிற் பதிந்துவிடுகின்றது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மணிகளின் புதிர், எழுத்தறிவு மிக்க சபைகளில் அன்று, ஒரு கிழவரின் கைவிரல்களில் அவிழ்ந்தது.

அடுத்தது துளை. அதே மக்கே 1935-36இல் சிந்திலுள்ள சான்குதாரோவை அகழ்ந்தபோது ஒரு மணிப் பட்டறையே வெளிப்பட்டது. துளைக்கத் தொடங்கி விட்டவை, பாதியில் உடைந்தவை, மெருகிடாதவை என்று மணிகள் பல நிலைகளிற் கிடந்தன. அவற்றோடு, துறப்பணத்தின் நுனியிற் பொருத்தும் சிறு கல்லலகுகளும் கிடந்தன. நீண்ட மணிகளைத் துளைத்த அந்த அலகுகள் சாதாரணத் தீக்கல் அல்ல. விசேடமான நுண்மணிக் கல்லொன்றைச் சூடேற்றிக் கடினமாக்கிச் செய்யப்பட்டவை. ஒரு கல்லை வெல்ல இன்னொரு கல்லைப் பயிற்றியிருக்கின்றனர்! இப்பொருளுக்கு 1990களில் ஆராய்ச்சியாளர் மக்கேயின் நினைவாக 'எர்னஸ்டைற்' என்று பெயரிட்டனர். பெயரிடுவதில் தவறில்லை. கண்டெடுத்தவருக்குக் கிடைத்த பெயர், கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அமெரிக்க அறிஞர் மார்க் கெனோயர் இவ்வலகுகளின் மாதிரிகளைச் செய்து துளைத்துப் பார்த்தார். மணிக்குச் சுமார் இரண்டரை மில்லிமீற்றர் ஆழமே துளை சென்றது. கராச்சிக்கு அண்மையிலுள்ள அல்லாதினோவில் 36 நீண்ட சூதுபவள மணிகள் கொண்ட ஒட்டியாணம் ஒன்று ஒரு பானைக்குள் 1970களிற் கிடைத்தது. அந்த ஒன்றைச் செய்து முடிக்க 480 வேலைநாள்கள் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு. வில்லை இழுத்து இழுத்து, துளை சூடேறாதபடி நீர் சொட்டவிட்டு, பாதி ஆழம் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். இரண்டு துளைகளும் நடுவிற் பிசகாமற் சந்திக்கவேண்டும். பிசகினாலும் கல் பிளந்தாலும் அத்தனை நாளுழைப்பும் குப்பைமேட்டுக்கே.

இத்தனை உழைப்புச் செறிந்த பொருளை யார் அணிந்தனர்? சிந்துவெளியில் அரசர் இருந்தனரா, வணிகர் குழு ஆண்டதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே ஊரிற் போன்ற அரச கல்லறை எதுவும் இல்லை. நீண்ட சூதுபவள மணிகளைப் பிணத்தோடு புதைப்பதும் அவர்கள் வழக்கமன்று. ஆயினும் எல்லாரும் சமம் என்று முடிவுகட்டிவிட முடியாது. களிமண்ணால் நீண்ட மணி செய்து, செந்நிறம் பூசிச் சூதுபவளம் போற் காட்டிய போலி மணிகளும் அந்நகரங்களிற் கிடைக்கின்றன. கல்மணி அணிய இயலாதவர்கள் இருந்தனர். அதை அணிய ஆசைப்பட்டும் இருந்தனர். சமூக ஏற்றத்தாழ்வுக்கு அரண்மனைதான் சாட்சியாக வேண்டும் என்பதில்லை. சிவப்புப் பூசிய ஒரு மண்மணி எனக்குப் போதும்.

கி.மு. 1900 அளவில் அப்பெருநகரங்கள் தளர்ந்தன. அவற்றோடு அந்த விசேட அலகும், மிக நீண்ட மணியும் மறைந்தன. சில பட்டறைகளின் கைகளில் மட்டும் அடைபட்டிருந்த அறிவு, அப்பட்டறைகளைத் தாங்கிய செல்வம் குலைந்ததும் அழிந்தது. கல் அழியவில்லை, தொழிலும் அடியோடு அழியவில்லை. பிற்காலத்தில் வைரத்துணுக்குப் பதித்த அலகு வந்தபோது சூதுபவளம் மறுபடியும் நெடுந்தூரம் பயணஞ் செய்தது. ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணலில் 1980கள் முதல் நடந்த அகழ்வுகளில், துளையிடாத சூதுபவள மணிகளும் கழிவுத் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. நொய்யற் கரையிற் கிடைக்காத அக்கல், குஜராத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்று கருதுகின்றனர். பதிற்றுப்பத்து கொடுமணத்தின் அருங்கலத்தைப் புகழ்கின்றது. அங்கே அயல்நாட்டுக் கல்லை அணியாக்கிய பட்டறைத் தரையை நாம் இப்போதுதான் காண்கின்றோம். (அப்பகுதியிற் கிடைக்கும் குருந்தக்கல் கடினமான கற்களை மெருகிட உதவுவது, ஐரோப்பியர் அதற்கு வழங்கும் பெயரும் நம் 'குருந்தம்' என்ற சொல்லின் வழிவந்ததே.)

குஜராத்திலோ இக்கைத்தொழில் இன்றுவரை வாழ்கின்றது. அதன் நிலையம் காம்பே எனப்பட்ட கம்பாத் துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கேயர் இப்பகுதியின் சூதுபவளத்தையும் அதன் வர்த்தகத்தையும் பற்றி எழுதினார். ஆபிரிக்கக் கரை முழுவதும் இம்மணிகள் சென்றன. இரத்தினபூர்க் குழிகளிற் கல்லெடுப்போர் பீல் பழங்குடியினர். கம்பாத்தில் அதை உடைப்போர், தரையில் நட்ட இரும்புக் கூர்முனையிற் கல்லைச் சாய்த்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டி, செதிள் செதிளாக உருவெடுப்பர். சூளையிடுவோர், துளைப்போர், சாணை பிடிப்போர், மெருகிடுவோர் என வேலை பல கைகளாகப் பிரிந்திருக்கின்றது. கல்லும் சந்தையும் வணிகன் கையில். கூலி, துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபிரிக்கச் சந்தைக்குப் போட்டியாளராக வந்தவர்கள் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்ரைன் நகரத்தார். தம் நாட்டுக் கல் அருகிவிடவே, அவர்கள் பிரேசிலிலிருந்து சாம்பல்நிற அகேற் கல்லைத் தருவித்து, சாயமேற்றப் பழகி, கம்பாத்து மணி போன்றே செய்தனுப்பினர். நீராற் சுழலும் பெரிய சாணைக்கல்லின் முன் மரப்பலகையிற் குப்புறப் படுத்தவாறே அங்குள்ள தொழிலாளர் கல்லைத் தேய்த்தனர். கல் வேறு, நாடு வேறு, மொழி வேறு. சுவாசப்பையிற் சென்று படிந்த தூசு ஒன்றே.

அத்தூசின் பெயர் சிலிக்கா. சூதுபவளம் முழுவதுமே அதுதான். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் சுவாசப்பையிற் படிந்து, தழும்பாகி, மூச்சை நாளுக்குநாள் சுருக்குகின்றது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைத் தடுக்கலாம். வந்தபின் மாற்ற மருந்தில்லை. கைச்சாணை இருந்த காலத்தைவிட மின்மோட்டார் சாணையைச் சுழற்றத் தொடங்கியபின் தூசு பெருகியது. வேலை நடப்பதோ வீட்டுக்குள். ஆகவே சாணை பிடிக்காத மனைவி மக்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும் நோய் வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1980களில் கம்பாத்துத் தொழிலாளரை ஆராய்ந்து, இந்நோயும் சயரோகமும் அவர்களிடையே பரவியிருப்பதைக் கண்டது. தூசை உறிஞ்சும் சாதனத்தையும் வடிவமைத்தது. துண்டுக்கூலி பெறுபவன் அச்சாதனத்துக்கான மின்கட்டணத்தை எங்கிருந்து கட்டுவான் என்பது பொறியியற் கேள்வியன்று.

இந்நோயை உலகம் நேற்று அறிந்ததும் அன்று. 1930இல் யோகன்னஸ்பேர்க்கில் சர்வதேசத் தொழில் நிறுவனம் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. தங்கச் சுரங்க முதலாளிகளின் நகரிலேயே அது கூடிற்று. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆயின் வீட்டுத் திண்ணையில் இருப்பவன் தொழிற்சாலைத் தொழிலாளி அல்லன். அவனுக்கு வருகைப் பதிவு இல்லை. முதலாளி இன்னார் என்று காட்டக் கடிதம் இல்லை. மணிக்குரிய விலைச்சீட்டு இருக்கின்றது. அதிற் சாணை பிடித்தவன் பெயர் எக்காலத்திலும் இருந்ததில்லை.

சிலிக்கா படிந்த சுவாசப்பையிற் சயரோகம் எளிதிற் குடிபுகும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரண்டையும் பிரித்தறிவது பழகாத வைத்தியருக்குக் கடினம். நோயாளியிடம் என்ன தொழில் என்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கேட்பதில்லை. பலமுறை சயரோக மருந்தே கொடுக்கப்படுகின்றது. அது பலிக்காதபோது மீண்டும் அதுவே கொடுக்கப்படுகின்றது. இறந்தபின், மரணத்துக்கான காரணம் என்ற நிரலிற் சயரோகம் என்று எழுதப்பட்டுவிட்டால், நட்டஈடு கேட்டு விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு அவர் கல் அறுத்தவர் என்பதைக் காட்ட வேறு பத்திரம் இல்லை.