அருகிருக்கும் தோழரே ஆசான்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கைமடியாகச் சேரும் இளைஞர் பலர் தையலைப் பள்ளியில் கற்பதில்லை; பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் மூத்த தோழரைப் பார்த்தே கற்கின்றனர். வாழ்வையும் இவ்வாறே கற்க இயலும் எனக் கண்டவர் பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டைன்.

1882-இல் எளிய குடும்பத்தில் பிறந்த அவர் குருமடத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது, ஆலை வேலைக்குச் சென்றுவிட்ட பள்ளித் தோழர்கள் அவரை அந்நியராகவே நோக்கினர். அவ்விலகல் அவரை வாழ்நாளெல்லாம் உறுத்திற்று. 1912-இல் பிரசல்ஸ் நகரின் லாக்கன் பங்கில் உதவிக் குருவானதும், வேலைக்குச் செல்லும் இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். அறிவுரை கூற அன்று; தங்கள் வேலை நிலையையும் கூலியையும் அவர்களே ஆய்ந்து வந்து சொல்வதற்காக. பார், சீர்தூக்கு, செயல்படு என்னும் முறை இப்பட்டறிவில் முளைத்ததே.

1925-இல் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெற்றபோது, தொனே, கார்சே, மேர்ட் என்னும் பொதுநிலை இளைஞரே அதனை முன்னின்று நடத்தினர். கார்டைன் ஆன்ம வழிகாட்டியாக மட்டும் நின்றார். (முதலிருவரும் 1945-இல் நாசிகளின் தாக்காவ் முகாமில் உயிர்நீத்தனர்.) தொழிலாளருக்குத் தொழிலாளரே முதல் திருத்தூதர் என்பதைத் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் ஏற்றுரைத்தார். 23-ஆம் அருளப்பரோ 1961-இல் அம்மூன்று படிகளையும் தம் சுற்றுமடலிலேயே பரிந்துரைத்தார்.

தென்மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர் இன்று திருப்பூர் வருகின்றனர். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் அவர்களுக்குக் குருக்களாகிய நாம் மறையுரை ஆற்றுகிறோம்; அவர்களது இரவு ஷிப்டை நாம் அறியோம். அறிந்தவர், அதே அறையில் ஈராண்டுக்கு முன் பெட்டியோடு வந்திறங்கியவர். அவரும் அப்பின்வரிசையில்தான் நிற்கிறார். நம் பங்குப் பேரவைகள் அவர் பெயரை இன்னும் கேட்கவில்லை.