காப்பி அடிச்சா தப்பா?

போன மாசம் சனி ஞாயிறு எல்லாம் ஒரு எலுமிச்சம்பழத்தோடயே போச்சு. பழைய டச்சு ஓவியம் ஒண்ணோட பிரிண்டை முன்னாடி வச்சுக்கிட்டு, ஆயில் பெயிண்ட்ல அதைப் பார்த்து வரைஞ்சுட்டிருந்தேன். ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "காப்பி அடிக்கறதுக்கா இவ்ளோ பில்டப்பு?"ன்னான். சுருக்குன்னு இருந்துச்சு. அவனுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஆன்றி மத்தீஸ் தெரியும்ல? 20ஆம் நூற்றாண்டு ஓவியத்தைப் புரட்டிப் போட்டவர். அவரும் நம்மள மாதிரி வேற துறைதான். சட்டம் படிச்சு, வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா வேலை. குடல்வால் நோயால படுத்திருந்தப்போ அம்மா வாங்கிக் கொடுத்த பெயிண்ட் பெட்டிதான் எல்லாத்தையும் மாத்திச்சு. பாரிஸ்ல அவரோட வாத்தியார் குஸ்தாவ் மோரோ, லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரையுங்கன்னு மாணவர்களை அனுப்புவார்.

1893ல மத்தீஸ் அங்கே எடுத்துக்கிட்டது, யான் டேவிட்ஸ் டி ஹேம் 1640ல வரைஞ்ச விருந்து மேசை. பழங்கள், கோப்பைகள், கசங்கின வெள்ளை விரிப்பு, ஓரத்துல லூட்னு ஒரு நரம்பு வாத்தியம். 2 மீட்டர் அகல ஓவியத்தை 1 மீட்டர்ல வரைஞ்சார். (லூவ்ர்ல இன்னிக்கும் மூலத்தோட அதே அளவுல வரைய விடமாட்டாங்க. டூப்ளிகேட்டை ஒரிஜினல்னு யாராவது வித்துட்டா?)

பார்த்து வரையறதுல அப்படி என்ன படிப்பு? அந்தக் கால டச்சுக்காரங்க பெரும்பாலும் ஒரே மூச்சுல வரையலை. கீழே மங்கலான நிறத்துல ஒளியும் நிழலும். அது காஞ்சதும் நிறங்கள். கடைசியா, கீழே இருக்கறது தெரியற மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு. மேலே போகப் போக எண்ணெய் கூடணும். மாத்திச் செஞ்சா, அடி அடுக்கு காயறதுக்குள்ள மேல் அடுக்கு இறுகி வெடிப்பு விட்டுடும். நான் பொறுமையில்லாம ஈரத்து மேலயே மஞ்சளைத் தேய்ச்சேன். எலுமிச்சம்பழம் சேறாயிடுச்சு! அந்தப் பாடத்தைப் புத்தகத்துல பத்து தடவை படிச்சிருக்கேன், கைக்கு இப்பதான் ஏறுச்சு.

மத்தீஸ் கதை அதோட முடியலை. 22 வருஷம் கழிச்சு, 1915ல, அதே மேசையை மறுபடி வரைஞ்சார். இப்போ நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல இருக்கு. அகலம் 2.2 மீட்டர், மூலத்தை விடவே பெருசு. பழமும் லூட்டும் இருக்கு, ஆனா எல்லாம் கோடும் பட்டையுமா, க்யூபிஸ வாசனையோட. அடுத்தவன் ப்ரோகிராமை வரி வரியா டைப் பண்ணிப் பழகினவன், ஒருநாள் அதை முழுசாப் புரிஞ்சு தன் பாணியில திருப்பி எழுதின மாதிரி. முதல் காப்பி இல்லாம அது வந்திருக்குமா?

ரூம்மேட் கிட்ட முழுசாச் சொன்னேன். "அப்போ உனக்கு இன்னும் 22 வருஷம் இருக்கு"ன்னான் :)

எலுமிச்சம்பழத்தைச் சுரண்டி எடுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சாச்சு.