வெள்ளலூர் புகையும் கணக்கில் வராத நுரையீரலும்

2024 ஏப்ரல் 6 அன்று கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. சுமார் 650 ஏக்கர் கிடங்கு. தீயை முழுதாக அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆனது. பிறகு மாநகராட்சி மன்றத்துக்குச் செலவுக் கணக்கு வந்தது. மொத்தம் 76 லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் சாப்பாடு, டீ வகைக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேல். ஊரே டீச் செலவைப் பற்றிப் பேசிச் சிரித்தது. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் எந்த வரியில் எழுதப்பட்டது?

காற்று மாசுக்கு விலை போடும் வழக்கம் புதிதல்ல. 1913இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மெல்லன் ஆய்வு நிறுவனம் புகையால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டது. ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 டாலர் என்று வந்தது. சலவைச் செலவு, பெயின்ட், கெட்டுப்போன கடைச் சரக்கு, பகலிலும் எரியும் விளக்கு என்று அந்தப் பட்டியலில் பெரும்பாலும் பொருட்களே இருந்தன.

1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டம் சில நாட்களில் சுமார் 4,000 பேரைக் கொன்றது. அதன்பின் அமைந்த பீவர் குழு, காற்று மாசால் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 25 கோடி பவுண்டு நட்டம் என்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நட்டத்தை எண்ணில் சொன்னால் அரசு அசையும் என்பதற்கு இது சான்று. ஆகவே கணக்கே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. யாரை வைத்து, எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதே கேள்வி.

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெருமையாகச் சொல்வோம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சுத் தூசு நுரையீரலை அரிக்கும் நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். பல ஆண்டுகள் போனால் மூச்சே நிரந்தரமாகச் சுருங்கும். மான்செஸ்டர் இருக்கும் நாட்டில் 1941இலேயே இதற்கு இழப்பீட்டுத் திட்டம் வந்தது. நம் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் பின்னாளில் அது இடம்பெற்றது. ஆனால் நோயை நிரூபிக்க வேண்டிய சுமை, மருத்துவரைப் பார்க்கவே ஒருநாள் கூலியை இழக்கும் தொழிலாளியின் தலையில்.

அதே சட்டம் உயிருக்கு விலை போட்ட விதத்தைப் பாருங்கள். வேலையால் ஒருவர் இறந்தால், அவருடைய மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கூலி குறைந்தால் உயிரின் விலையும் குறையும். தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலிக்கென்றே ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவருக்கு இதன் பொருள் என்ன?

பொருளாதார அறிஞர்களின் கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல. 1995இல் உலக வங்கி ஆய்வு, சுற்றுச்சூழல் சீர்கேட்டால் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 970 கோடி டாலர் நட்டம் என்றது. 2020 இறுதியில் லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வு, 2019இல் காற்று மாசால் இந்தியாவில் 16.7 லட்சம் பேர் இறந்தனர் என்றும், நட்டம் 3,680 கோடி டாலர், அதாவது உள்நாட்டு உற்பத்தியில் 1.36 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. அதில் 2,880 கோடி டாலர், முன்கூட்டியே இறந்தவர்கள் உயிரோடு இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் உற்பத்தி. இந்த முறையில் சம்பாத்தியம் குறைந்தவரின் சாவு, நாட்டுக்குக் குறைந்த நட்டம். மாநிலச் சராசரியை வைத்தால் அவர் சராசரிக்குள்ளேயே மறைந்துபோகிறார்.

1991இல் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ் பெயரில் எழுதப்பட்ட குறிப்பாணை, கூலி மிகக் குறைந்த நாட்டில் நச்சுக் கழிவைக் கொட்டுவதே பொருளாதாரப்படி சரி என்று வாதிட்டது. உலகம் கொதித்தது. தோழர்களே, நம் ஊர்கள் அந்தக் குறிப்பாணையைப் படிக்காமலேயே நடைமுறைப்படுத்தி வந்தவைதான். நகரத்தின் குப்பை எங்கே போகும், அதை யார் அள்ளுவார் என்பதை இங்கே சாதி முன்பே எழுதிவைத்துவிட்டது. கோவையின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். ஒப்பந்த முறை வந்தபின் அவர்களில் பலருக்கு வேலை நிரந்தரமும் இல்லை. பஞ்சுத் தூசுக்காவது சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. குப்பைப் புகையால் வரும் நுரையீரல் நோய்க்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்தி, முடிவை அவர் கையிலேயே தர வேண்டும். வெள்ளலூரிலும் அதைச் சுற்றிய குடியிருப்புகளிலும் காற்றை அளந்து அன்றன்றே பொதுவில் வெளியிட வேண்டும். குப்பைப் புகையால் வரும் நோயைத் தொழில்சார் நோயாக அறிவிக்க வேண்டும். மாசின் விலையைக் கணக்கிடும்போது கூலியைப் பார்க்காமல் எல்லா உயிருக்கும் ஒரே மதிப்பு போட வேண்டும். அடுத்த கோடை வருவதற்குள் முதல் இரண்டையாவது மாநகராட்சி செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.