கம்பாலாவில் தொடங்கிய கணக்கு

1957ஆம் ஆண்டு உகாண்டாவின் கம்பாலா நகரில், முலாகோ மருத்துவமனையில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்து அறுவை மருத்துவரிடம் காட்டினர். தாடையின் நான்கு மூலைகளிலும் வீக்கம். சில வாரங்களில், ஜிஞ்சா நகரில் அதே முகத்தோற்றத்துடன் ஒரு சிறுமியைக் கண்டார். அவளுக்கு வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. அன்று இக்குழந்தைகளின் ஆயுளைக் கணிக்க எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. ஓரிரு நாளில் இருமடங்காகும் கட்டி அது. சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பின்னர் 'பர்க்கிட் லிம்போமா' எனப் பெயர்பெற்ற நிணநீர்ப் புற்றுநோய் இதுவே. 1961இல் பர்க்கிட் இரு நண்பர்களுடன் பழைய ஃபோர்டு வண்டியில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பயணம் செய்து, நோய் காணப்படும் இடங்களை வரைபடத்தில் குறித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா பரவிய தாழ்நிலங்களிலேயே அது செறிந்திருந்தது.

அதே காலத்தில் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளைப் பர்க்கிட் கொடுத்துப் பார்த்தார். சில குழந்தைகளின் கட்டிகள் கரைந்தன. அவர்களுள் சிலர் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். எவர் பிழைப்பார் என்னும் கேள்விக்கு அப்போதுதான் பொருள் வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எல்லோரும் இறக்கும் நோயில் முன்கணிப்புக்கு வேலையில்லை. 1967இல் கம்பாலாவில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிறுவனத்தில் ஜான் சீக்லர் முதலானோர் நோயைப் படிநிலைகளாகப் பகுத்தனர். முகத்தோடு நின்ற கட்டிக்கு நம்பிக்கை மிகுதி. எலும்பு மஜ்ஜையையோ மூளை நரம்புகளையோ எட்டியதற்குக் குறைவு.

பிற நாடுகளில் பெரியவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. அவர்களுக்கென 2021இல் ஒரு குறியீடு வெளிவந்தது. நாற்பதோ அதற்கு மேலோ ஆன வயது, நலிந்த உடல்நிலை, இரத்தத்தில் எல்.டி.எச். நொதி இயல்பின் மும்மடங்குக்கு மேல் இருத்தல், மூளை-தண்டுவடப் பாதிப்பு ஆகிய நான்கே அதன் கூறுகள். ஒன்றும் இல்லாதோரில் மூன்றாண்டுக்குப் பின் உயிருடன் இருப்போர் 96 விழுக்காடு. ஒன்று இருந்தால் 76. இரண்டோ மேலோ இருந்தால் 59.

இக்கணக்கு அமெரிக்க நோயாளிகள் 633 பேரிடமிருந்து உருவானது. ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் நோயாளிகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. நோயை உலகுக்கு அறிவித்த கம்பாலா அதில் இல்லை. செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஆப்பிரிக்காவின் பல மருத்துவமனைகளில் பாதிப்பேர் பிழைப்பதே அரிது. தாமதமாக வந்து சேர்தல், மருந்துத் தட்டுப்பாடு, சிகிச்சையை இடையில் விட்டுச் செல்லும் வறுமை ஆகியவை எந்த இரத்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை.

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை எவரை எண்ணினவோ அவர்களைப் பற்றியே பேசுகின்றன. 1961இல் பர்க்கிட் வரைந்தது நோய் எங்கே இருக்கிறது என்னும் வரைபடம். பிழைப்பு எங்கே இருக்கிறது என்று இன்று வரைந்தால், அதுவும் ஊர்களைப் பொறுத்தே அமையும் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.